எந்தத் தட்டிலும் அடங்காத ஒன்பது பாட்டுகள்

அந்தப் பாட்டு அல்பத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சிட்னியிலேயே கேட்டவர்கள் மிகக் குறைவு. பாடியவ ஒரு கன்ரி பாட்டுக்காரி. தொப்பி, நீண்ட சப்பாத்து, மழை பெய்யாத பண்ணை, விட்டுப்போன புருசன் என்று கிற்றாரோடு பாடுகிற கூட்டத்தில் ஒருத்தி. ஆனால் அந்தக் கூட்டமே இந்த அல்பத்தைத் தங்களுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதில் ஸ்டீல் கிற்றார் இருக்கிறது, கொம்பியூட்டரில் அடித்த தாளம் இருக்கிறது, ஒரு பாட்டில் லோண்ரி மெஷினின் இரைச்சல் இருக்கிறது. ஒன்பது பாட்டில் மூன்றில், மன்னார்ப் பக்கத்துக் கோயில்களில் தவக்காலத்தில் பாடுகிற பசாமும் இருக்கிறது. அந்தக் குரல் என்னுடையது.

அவவை நான் சந்தித்தது வேலையில். மேற்குச் சிட்னியில் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிற பெரிய லோண்ரி. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும். டூங்கபியிலிருந்து நான் பஸ்ஸில் போவேன். நீராவி இஸ்திரி மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஈரப் பெட்சீற்றின் ஒரு மூலையை ஒருவரும் மற்ற மூலையை மற்றவரும் பிடித்து, இழுத்து நிமிர்த்தி, ஒரே நேரத்தில் உருளைக்குள் விட வேண்டும். ஒருவர் ஒரு நொடி பிந்தினால் சீற் கோணலாகப் போய்ச் சுருண்டுவிடும். அதனால் மற்றவரின் கையைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். எட்டு மணித்தியாலம் ஒருவரின் கையைப் பார்த்தால் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். அவவின் இடது கை விரல் நுனிகள் காய்த்திருந்தன. துணி வேலையால் வந்த காய்ப்பு அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்கவில்லை.

அவவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரம். வெயிலில் காய்ந்த கழுத்து. அவ வேலைக்கு வந்து ஒரு மாதமாகியும் எங்களுக்குள் காலை வணக்கமும் சிரிப்பும்தான். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், பகிடி சொல்லிச் சிரிக்கப் போதாது. அந்தச் சத்தத்தில் கதைக்கவும் முடியாது.

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவவின் கை நின்றுவிட்டது. சீற் கோணலாகப் போய்ச் சிக்கியது. நான் மெஷினை நிப்பாட்டினேன்.

"ஏன் நிப்பாட்டினாய்?" என்றா.

"சீற் சிக்கிட்டுது."

"மெஷினை இல்லை. பாட்டை ஏன் நிப்பாட்டினாய்?"

நான் பாடிக்கொண்டு நின்றது எனக்கே தெரியாது. சத்தத்துக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற துணிவில் வாய் தன்பாட்டில் முணுமுணுத்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது பாட்டில்லை. எங்கட கோயில்ல மாதா தன்ர மகனுக்காக அழுறது" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவ சிக்கிய சீற்றை இழுத்தெடுத்தபடி சொன்னா: "நானும் முப்பது வருசமா அழுகையைத்தான் பாடுறன். கோயில்ல இல்லை, கிளப்பில."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளிடம் அவவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். மகள் போனைத் தட்டிவிட்டுக் கண்ணை விரித்தாள். "ஷீ வோஸ் ஃபேமஸ், அம்மா. லைக், ஸ்மோல் ஃபேமஸ்." படத்தில் தொப்பி போட்ட ஒரு இளம் பெண் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றாள். அதே உயரம், அதே கழுத்து. இருபத்தாறு வயதில் பாடிய ஒரு பாட்டால் நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறா. அடுத்த அல்பத்தில் வேறு விதமாக ஏதோ செய்ய ஆசைப்பட, கொம்பனி மறுத்துவிட்டது. பிறகு கலியாணம், பிறகு பிரிவு, பிறகு கிழமைக்கு ஒரு கிளப்பில் அதே ஒரு பாட்டு. இப்போது லோண்ரி. இதையெல்லாம் அவவே சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னா. கடைசியில் சொன்னது: "அந்த மறுத்த அல்பத்தை இப்ப செய்யிறன். ஆரையும் கேக்காமல். நீ வந்து பாடுவியா?"

நான் மாட்டேன் என்றேன். அடுத்த நாளும் மாட்டேன் என்றேன். ஆனால் அவ கேட்ட நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமைத்துக்கொண்டு நிற்பேன், திடீரென்று குசினிக் கதவைத் திறந்து வெளியே போய் வேலி வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். பூசையில் இருக்கையில் கால் ஆடும். மகள் முழங்காலில் கை வைத்து அமத்துவாள்.

பசாமை நான் பெரிய பிள்ளையான பிறகு கோயிலில் பாடியதே இல்லை. பாடுகிறவ எங்கள் அம்மா. எங்கள் கோயிலில் அம்மாதான் முதற்குரல். தம்பி கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருசத்தோடு அம்மா நிப்பாட்டிவிட்டா. அவனைச் சண்டை கொண்டுபோகவில்லை. தொழிலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, கூடப் போன இரண்டு பேரும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. இந்தியப் பக்கம் அடைந்து ஏதாவது சிறையில் மறியலில் இருப்பான் என்று அம்மா சொல்லுவா. நாங்கள் ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டோம். அம்மா இப்போது மெல்பேர்னில் அக்காவோடு இருக்கிறா. போனில் தம்பியைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. நான் ஏன் எப்போதும் மேலதிக ஷிஃப்ட் கேட்டு வாங்குகிறேன் என்று என் கணவர் கேட்டால், வீட்டில் இருந்தால் விசர் வரும் என்று மட்டும் சொல்லுவேன்.

மூன்றாவது கிழமை நான் ஓம் என்றேன். இவருக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

பாட்டு எடுத்த இடம் ஸ்ரூடியோ இல்லை. ரிவர்ஸ்டோன் பக்கம், முந்தி ட்ராக்டர் நிப்பாட்டிய ஒரு தகரக் கொட்டில். உள்ளே சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள் சாத்தியிருந்தன. ஸ்டீல் கிற்றார் வாசிக்கிற ஒரு மனிசன் இருந்தார். அந்த இளம் வயசிலிருந்து அவவோடு வாசிக்கிறவர், ஒரு காது கேட்காது. பலகை மாதிரி நீட்டாகக் கிடக்கிற அந்தக் கிற்றாரில் இரும்புத் துண்டை வழுக்கி வழுக்கி வாசிப்பார். ஒரு சுரத்தில் தொடங்கி இன்னொன்றில் போய் நிற்கும். இடையில் எங்கே போனது என்று பிடிக்க முடியாது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பசாமும் அப்படித்தான் போகும்.

நாலாவது பாட்டில்தான் என்னை முதலில் பாடச் சொன்னா. அது அவவின் தகப்பனைப் பற்றியது. அவவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, வறட்சியில் ஆடுகள் செத்த வருசம், பண்ணைக் கேற்றைத் திறந்துகொண்டு நடந்துபோன மனிசன் திரும்பவில்லை. தாய் அந்தக் கேற்றைப் பூட்டவே விடவில்லையாம். அவ அதை அழாமல், யாரோ அயலட்டைக் குடும்பத்தின் கதையைச் சொல்லுவது போலப் பாடுவா. இரண்டாம் அடி முடிந்த பிறகு நான் சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் தடவை தகரத்தில் மழை பெய்து கெட்டுப்போனது. இரண்டாம் தடவை எனக்கு மூச்சு எட்டவில்லை. மூன்றாம் தடவை ஸ்டீல் கிற்றார் என் குரலுக்குப் பின்னால் வந்தது. முன்னால் இல்லை, கூடவும் இல்லை, கொஞ்சம் பின்னால், விழுந்தால் பிடிக்க வருகிறவரைப் போல. என் வாயில் சொல் வந்துவிட்டது. மாதாவின் சொல் இல்லை. "எந்தக் கரையில இறங்கினாய் ராசா, எந்த மண்ணடா உன்னை மூடினது" என்று பாடினேன். இன்னும் என்னென்னவோ பாடினேன். முடிந்தபோது, கேட்காத காதுப் பக்கம் தலையைச் சரித்துக்கொண்டு அந்த மனிசன் தன் கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாய்?" என்று அவ கேட்டா.

"என்ர தம்பியைப் பற்றி."

"இது அல்பத்தில போகலாமா? வேண்டாமெண்டால் அழிக்கிறன்."

"போகட்டும்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

பொய்யை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில் காரில் இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் பஸ் ஓட்டுகிறவர், கோபம் வந்தால் வாகனத்தை மெதுவாக்குவார். கார் மெதுவாகியது.

"கோயில்ப் பாட்டைக் கொண்டுபோய்க் குடிக்கிற இடத்தில போடப் போறீரோ?"

"கோயில்ச் சொல் ஒண்டும் பாடேல்லை. தம்பியைப் பாடினனான்."

கோயிலடியில் இவர் காரை நிப்பாட்டிச் சாவியைக் கழற்றியபடி கேட்டார்: "அடுத்தது எப்ப? பஸ் மாறி மாறிப் போகாதையும். நான் கொண்டுபோய் விடுறன்."

ஆறு சனிக்கிழமைகள் போனேன். மற்ற இரண்டு பாட்டில் நான் பின்குரல்தான். ஆனால் ஒவ்வொரு பாட்டும் வேறொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒன்று நடனத் தாளம், ஒன்று வெறும் கைதட்டு, ஒன்றில் லோண்ரி மெஷினைப் போனில் பதிந்து வந்து போட்டா. "இது என்ன வகையெண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்று கிற்றார்க்கார மனிசன் கேட்டார். "கேக்கிறவை சொல்லட்டும்" என்றா.

கேட்டவர்கள் சொன்னார்கள். கன்ரி பாட்டுப் போடுகிற ஒரு வானொலிக்காரர், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னுடைய நேயர்களுக்கு இது விளங்காது என்று எழுதினார். பிற நாட்டு இசை போடுகிறவர்கள் இதில் கன்ரி கூடிவிட்டது என்றார்கள். இணையத்தில் ஒரே ஒரு விமர்சனம் வந்தது. நல்ல பாட்டுக்காரி வழி தவறிவிட்டா, பின்னால் ஒரு இந்தியப் பெண் காரணமில்லாமல் ஓலமிடுகிறாள் என்று. மகள் அதை வாசித்துச் சொல்லிவிட்டுச் சட்டென்று போனைக் கவிழ்த்தாள். "இக்னோர் இட், அம்மா." நான் குசினியைக் கழுவினேன். கழுவிய இடத்தையே திரும்பக் கழுவினேன். காரணமில்லாமல் என்ற சொல்தான் போகவில்லை.

இசைத்தட்டு விற்கிற ஒரு கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். தாடிக்காரர் ஒருவர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்ரி என்று எழுதிய தட்டில் வைத்தார், யோசித்துவிட்டு எடுத்தார், உலக இசைத் தட்டுக்குக் கொண்டுபோனார், அங்கேயும் வைக்கவில்லை. கடைசியில் காசு மேசைக்குப் பக்கத்தில், கிற்றார்க் கம்பிகள் விற்கிற பெட்டிக்கு மேல் வைத்தார். வெளியே வந்து அவ தெருவில் நின்று சிரித்தா. ரெயின் நிலையம் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவ, படியில் இறங்கும்போது நிப்பாட்டிவிட்டா.

கோயிலிலும் செய்தி போயிருந்தது. பாடகர் குழுவை நடத்துகிற அன்ரி பூசை முடிய என் கையைப் பிடித்தா. "பிள்ளை, மாதாவின்ர அழுகையைச் சாராயக் கடையில பாடினனியாம். நான் நம்பேல்லை. இல்லைத்தானே?" நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவவின் முகம் மாறாமலே இருந்தது. அடுத்த ஞாயிறு நான் வழக்கமாக நிற்கிற பாடகர் வரிசைக்குப் போகாமல் பின்வாங்கில் இருந்தேன். ஒருவரும் வந்து கூப்பிடவில்லை.

பென்றித் பக்கத்தில் ஒரு கிளப்பில், ஞாயிறு பின்னேரம், அல்பத்துக்கு ஒரு வெளியீடு வைத்தோம். மேசைகள் நிரம்பித்தான் இருந்தன. அவவின் பழைய ஆட்கள். தொப்பியோடு வந்த தாத்தாமார், அவவின் இளவயதுப் படம் போட்ட ரீசேட் போட்ட ஒரு மனுசி. மகளும் இவரும் சுவர்க் கரையில் நின்றார்கள். நான் சீலை கட்டியிருந்தேன். அது பிழை என்று மேடையில் ஏறியதும் தெரிந்தது. என்னை நடனம் ஆடப் போகிறவள் என்று நினைத்திருப்பார்கள்.

நாலாவது பாட்டு. இரண்டாம் அடி முடிந்து நான் தொடங்கினேன். கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் எழும்பி பியர் வாங்கப் போகிறார்கள். கோபத்தில் போகவில்லை, மழை வந்தால் உள்ளே போவது போலப் போனார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன். சிலர் கைதட்டினார்கள். உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "பழசைப் பாடு!" சிரிப்பு. இன்னொரு குரலும் அதையே சொன்னது.

அவ என்னைப் பார்க்கவில்லை. கிற்றாரை மாற்றிக் கொழுவிக்கொண்டு அந்தப் பழைய பாட்டைத் தொடங்கினா. கிளப் முழுக்க எழும்பிக் கூடப் பாடியது. புது அல்பத்தில் இன்னும் ஐந்து பாட்டு இருந்தது. ஒன்றையும் பாடவில்லை. பழசு முடிந்ததும் இன்னொரு பழசு.

நான் மேடையால் இறங்கி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். இவர் பின்னால் ஓடி வந்தார். "நில்லும், காரில போவம்." எனக்குக் காரில் இருக்க முடியாது போலிருந்தது. ரெயினில் வந்தேன், அதிலும் இருக்காமல் கதவடியில் நின்றுகொண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே மெஷின். அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை. கோபக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பெட்சீற்றைப் பிடிப்பது இலேசில்லை. முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம், கையைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தக் கிழமை முழுக்க நாங்கள் ஒரு சொல் கதைக்கவில்லை. ஒரு சீற்கூடக் கோணலாகப் போகவும் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது அவ சொன்னா:

"மெல்பேர்னில ஒரு சின்ன ரேடியோவில கூப்பிடுகினம். முழு அல்பத்தையும் கேட்டவையாம். நாலாவது பாட்டை நேரில பாடச் சொல்லிக் கேக்கினம். வாறியா?"

"பழசைக் கேட்டால்?"

"கேக்கேல்லை."

போனோம். விடியவே பின்பக்கம் திறந்த அவவின் பழைய யூட் வண்டியில் வெளிக்கிட்டோம். வண்டியில் கிற்றாரும் ஒரு தண்ணீர்க் கானும் எங்கள் கோபமும். கூல்பேர்ன் தாண்டும்வரை ரேடியோதான் கதைத்தது. பிறகு நானே கேட்டேன்: "அண்டைக்கு ஏன் என்னை விட்டிட்டாய்?"

அவ ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னா: "அவை முப்பது வருசமா என்னட்டை வருகினம். அந்த ரீசேட் போட்ட மனுசிக்குப் புருசன் செத்த கிழமையும் வந்தவ. அவையளைப் பார்த்து இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீ கோவிச்சது சரி. நான் பயந்திட்டன்."

நான் அவவை மன்னிக்கவில்லை. ஆனால் கோபத்தின் அரைவாசி அந்த ரோட்டில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேருமாக என் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம்.

ஹியூம் ரோட்டால் மெல்பேர்னுக்குள் இறங்கினால் முதலில் வருவது கிரெய்கிபர்ன். அக்கா வீடு அங்கேதான். ரேடியோ அடுத்த நாள் காலை என்பதால் அங்கே தங்குவதாக ஏற்பாடு. பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா வாசலுக்கு வந்து, வெள்ளைக்காரியைக் கண்டதும் சீலைத் தலைப்பைச் சரிசெய்தா. அக்கா றோல் பொரித்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் றோலைக் காட்டித் தலையாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

அல்பத்தைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். நாலாவது பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அக்காதான் ஆசையில் போனை எடுத்து, ரீவியோடு இணைத்து, "இஞ்ச பாருங்கோ அம்மா, உங்கட மகளின்ர பாட்டு" என்று போட்டுவிட்டாள். நான் குசினியில் கோப்பை எடுத்துக்கொண்டு நின்றேன். ஸ்டீல் கிற்றார் தொடங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஓடி வந்தேன். அதற்குள் என் குரல் வந்துவிட்டது.

அம்மா அசையாமல் இருந்து கேட்டா. மண் மூடினது என்ற இடம் வந்ததும் எழும்பினா. அக்கா பதறிப் பாட்டை நிப்பாட்டினாள்.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்றா அம்மா.

"அம்மா..."

"அவனை மண் மூடினது எண்டு ஆர் உனக்குச் சொன்னது? நீ போய்ப் பார்த்தனியோ? பசாம் செத்தவனுக்குப் பாடுறது. நான் ஏன் இவ்வளவு வருசமும் வாய் திறக்கேல்லை எண்டு நினைக்கிறாய்? எனக்குப் பாடத் தெரியாமலோ? நான் திறக்காத வாயை நீ திறந்து, அவனை நீயே தாட்டுப்போட்டு வந்து நிக்கிறாய்."

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. அக்கா அழத் தொடங்கினாள். பாட்டுக்காரி எழும்பி நின்று, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தா. நான் வெளியே நடந்தேன். அவ பின்னால் வந்தா. கிரெய்கிபர்னில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. இரண்டு தடவை சுற்றி அதே வீட்டடிக்கு வந்தோம். மூன்றாவது சுற்றில் அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

"எங்கட அம்மா கேற்றைப் பூட்ட விடாத மாதிரி" என்றா அவ.

"ஓம்."

"நாளைக்கு நீ வர வேண்டாம். அந்தப் பாட்டை நான் பாடமாட்டன்."

"அதுக்குத்தானே கூப்பிட்டவை."

"அவைக்கு வேறை எட்டுப் பாட்டு இருக்கு."

அடுத்த நாள் காலை அவ தனியாகப் போனா. அக்கா குசினியில் போனில் ரேடியோவைப் போட்டாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. முந்தின நாள் பின்னேரத்திலிருந்து என்னோடு கதைக்கவில்லை. அவ இரண்டு பாட்டுப் பாடினா, நன்றாகப் பாடினா. பிறகு நிகழ்ச்சி நடத்துகிறவர் நாலாவது பாட்டைப் பற்றிக் கேட்டார், அதில் வருகிற அந்தக் குரல் யாருடையது, இன்றைக்கு ஏன் வரவில்லை என்று. அதற்கு அவ சொன்னா, அந்தக் குரல் என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணுடையது, ஓலம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் அவவின் குடும்பத்துக்குச் சொந்தம். இன்றைக்கு அதை அவர்களிடமே விட்டிருக்கிறோம்.

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா: "என்ன சொல்லுறா?"

நான் சொன்னேன். அம்மா ஒரு வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தா.

"மரியாதை தெரிஞ்ச மனுசி" என்றா. எனக்கில்லை, வெங்காயத்துக்குச் சொல்வது போல.

அதற்குப் பிறகும் அல்பத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ரேடியோவால் சிலர் எழுதினார்கள். கிளேட்டனில் படிக்கிற ஒரு பிள்ளை, தன் தாய்க்கு அனுப்பினதாக எழுதியிருந்தாள். அவ்வளவுதான். நாலாவது பாட்டை எடுத்துவிடட்டுமா என்று பாட்டுக்காரி இரண்டு தரம் கேட்டா. எனக்கு ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இந்த வருசம் அவவுக்கு முழங்கால் ஒபரேசன் நடந்தது. லோண்ரியை விட்டுத் தங்கையோடு இருக்க மேற்கே, தன் ஊர்ப் பக்கம் போய்விட்டா. போனில் புதுப் பாட்டுகளின் துண்டுகளை அனுப்புவா. ஒன்றில் தவில் மாதிரி ஏதோ கேட்டது. "எங்கையெடி பிடிச்சாய்?" என்று கேட்டேன். வாளியைத் திருப்பிப் போட்டு அடித்தாவாம்.

அம்மா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தா, பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும். அக்காதான் ரகசியமாகச் சொன்னாள், அம்மா போனில் அந்த அல்பத்தை எடுக்கப் பழகிவிட்டா என்று. முதல் மூன்று பாட்டும் கேட்பாவாம். நாலாவதில் அந்த மனுசி பாடுகிறதைக் கேட்டுவிட்டு, என் குரல் வருவதற்குச் சற்று முன்னால் நிப்பாட்டிவிடுவாவாம். எந்த இடத்தில் வரும் என்று அவவுக்கு அவ்வளவு சரியாகத் தெரியுமாம்.

போன கார்த்திகை, மரித்தோருக்காகப் பூசை வைக்கிற மாதம். இறந்தவர்களின் பெயரைக் கடதாசியில் எழுதிக் கோயிலில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருசமும் அப்பாவின் பெயரும் பெரியப்பாவின் பெயரும் எழுதுவோம். அம்மா ஒரு ஞாயிறு காலை கூப்பிட்டா.

"பேர் எழுதிட்டியோ?"

"இனித்தான் அம்மா."

"தம்பியின்ர பேரை எழுதாதை."

"நான் எழுதமாட்டன் அம்மா."

அதோடு போனை வைத்துவிட்டா என்று நினைத்தேன்.

"அந்தப் பாட்டைப் போடு" என்றா. "என்ர கை நிப்பாட்டிப்போடும். நீ உன்ர போனில போடு. நான் இஞ்ச இருந்து கேக்கிறன்."

மகளின் போனில் பாட்டைப் போட்டு, என் போனை அதற்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். கதிரையில் இருந்தேன், எழும்பினேன், குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கேற் பாட்டு இரண்டாம் அடிக்கு வந்தது. நிப்பாட்டச் சொல்லுவா என்று காத்துக்கொண்டு நடந்தேன். சொல்லவில்லை. என் குரல் தொடங்கியது. மண் மூடின இடம் போனது. அதற்கு அடுத்த அடியில், போனுக்குள்ளிருந்து, மிக மெதுவாக, சுரம் கொஞ்சம் விலகி, அம்மாவும் இழுத்தா. சொல் இல்லை, ராகம் மட்டும். நான் நடப்பதை நிப்பாட்டவில்லை. நிப்பாட்டினால் அம்மாவும் நிப்பாட்டிவிடுவா என்று எனக்குப் பட்டது.